எங்கள் வீட்டுப் பக்குவம்

நைவேத்தியத்துக்கு வைக்கும் பண்டத்தை முன்கூட்டி ருசி பார்க்கக் கூடாது. முகர்ந்தும் பார்க்கக் கூடாது. அடுப்பிலிருந்து தானாக எழும் வாசனை மூக்கில் ஏறினால் குற்றமில்லை. முகத்தைப் பாத்திரத்தின் மேல் கொண்டுபோய் இழுத்து முகர்வதுதான் குற்றம். மயிலாப்பூரில் நான் கல்யாணமாகி வந்த வீட்டில் இது யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதி. உப்பு போதுமா என்பதைக் கை சொல்ல வேண்டும், வெந்ததா என்பதைக் கண் சொல்ல வேண்டும். நான் இதைப் பக்தியோடு கடைப்பிடித்தேன் என்று சொல்ல முடியாது. பழக்கம், அவ்வளவுதான். ஆனால் சென்ற வருடம் இந்த விதி எனக்கு வேறு விதத்தில் பயன்பட்டது. அதன் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனை போய்விட்டது. தெரிந்தது காபியில். டிகாக்‌ஷன் இறங்கிவிட்டதா என்று பில்டரின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. டம்ளரில் இருந்தது சூடாகவும் கொஞ்சம் கசப்பாகவும் கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது, காபியாக இல்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. கற்பூரம் மூக்குக்குள் சில்லென்று இறங்கியது, ஆனால் அது கற்பூரம் என்று சொல்லத் தெரியவில்லை. மாட வீதியில் பூக்கடைகளைத் தாண்டி நடந்தேன். மல்லிகை, மருக்கொழுந்து, துளசி எல்லாம் கண்ணுக்கு இருந்தன. யாரோ ஒலியை நிறுத்திவிட்ட தொலைக்காட்சியைப் பார்ப்பது போல இருந்தது.

மூக்குக் கண்ணாடி மாற்றப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ராயப்பேட்டையில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தேன். வரலாம், வராமலும் போகலாம், காத்திருங்கள் என்றார். காத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு இப்போது காரணம் தேடினால் ஒன்று கிடைக்கிறது. அது எனக்குப் பெருமை தருவதாக இல்லை. ஒரு நாளிதழில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். மற்றவர்கள் எழுதியதில் தவறு கண்டுபிடிப்பதுதான் சம்பளம். ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலையை வீட்டில் தொடர்ந்தேன். ஹாலில் உட்கார்ந்தபடியே, பால் திரிஞ்சுடுத்து பார் என்று சமையலறைக்குக் குரல் கொடுப்பேன். பருப்பு பிடிக்கப்போகிறது என்பேன். பக்கத்து ஃபிளாட்டில் என்ன குழம்பு என்பேன். எப்போதும் சரியாக இருக்கும். என் கணவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் என்னிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வார். அந்த இடத்தை விட்டு இறங்க எனக்கு மனமில்லை.

அந்த வருடம்தான் மகள் தன் அலுவலகத்தில் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். அடையாறில் இருவருக்கும் ஒரே அலுவலகம். பையனின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர்கள். நாங்கள் பெரிதாக எதிர்க்கவில்லை. என் கணவர் ஒரு நாள் முழுவதும் பேசாமல் இருந்துவிட்டு மறுநாள் பையன் என்ன சம்பளம் வாங்குகிறான் என்று கேட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டோம். தயக்கம் அந்தப் பக்கத்தில் இருந்தது. பையனின் அம்மாவிடம்.

“அவங்களுக்கு என்னைப் பிடிக்காம இல்லம்மா,” என்றாள் மகள். “நாம அவங்களை ஒரு மாதிரி பார்ப்போமோன்னு பயம். கல்யாணமாகி அவன் நம்மாத்துக்கு வந்துண்டு போயிண்டு இருப்பான், தான் மட்டும் வாசல்லயே நிக்க வேண்டியிருக்குமோன்னு.”

“நான் யாரை ஒரு மாதிரி பார்த்திருக்கேன்?”

“நீ பார்க்கறது உனக்குத் தெரியாது.”

அவர்கள் முதல்முறை சாப்பிட வருவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். மற்றதை ஆள் வைத்துக்கூடச் செய்துகொள், பால் பாயசத்தை மட்டும் நீயே பண்ணு என்று மகள் கேட்டுக்கொண்டாள். அவள் டப்பாவில் கொண்டுபோனதை அந்தப் பையன் சாப்பிட்டிருக்கிறான். வீட்டில் போய் அம்மாவிடம் புகழ்ந்திருக்கிறான். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, “எனக்கும் ஒரு வாய் தராமலா போவாங்க” என்றாராம். அந்த ஒரு வாக்கியத்தை மகள் ஏதோ பரிசு வாங்கி வந்தவள் போல என்னிடம் சொன்னாள்.

பாயசத்துக்கு நான் வைத்திருப்பது கனமான வெண்கல உருளி. பச்சரிசியை ஒரு கைப்பிடி கழுவி வடித்து நெய்யில் லேசாகப் புரட்டுவேன். தண்ணீர் கலக்காத பாலை ஊற்றி, உள்ளே ஒரு சின்ன எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் போட்டுவிடுவேன். பால் கொதிக்கும்போது தட்டு அடியில் கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். பால் பொங்காது, அடியும் பிடிக்காது. பால் சுண்டி அரிசி மலர்ந்ததும் சத்தம் மந்தமாகும். அப்போது தட்டை இடுக்கியால் எடுத்துவிட்டுச் சர்க்கரையும் தட்டிய ஏலக்காயும் சேர்க்க வேண்டும். அதன் பிறகு அடுப்பை விட்டு நகரக் கூடாது. சர்க்கரை விழுந்த பால் சீக்கிரம் பிடிக்கும். நிறம் வெளிர் ரோஜாவாக மாறும் வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பிடிக்க ஆரம்பித்தால் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்த அந்த நொடியில், கரண்டியை அடிவரை விடாமல், மேலாக இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் பாயசம் பிழைத்துக்கொள்ளும். சுரண்டினால் போயிற்று.

வாசனை போன பிறகு நான் அந்தத் தட்டின் சத்தத்தை நம்பித்தான் பாயசம் வைத்துக்கொண்டிருந்தேன். ருசி பார்க்காததை யாரும் கவனிக்கவில்லை. ருசி பார்க்காமல் சமைப்பதுதானே வழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டை எடுத்துச் சர்க்கரை போட்டாகிவிட்டது. அந்த நேரத்தில், கார் நிறுத்த இடமில்லாமல் அவர்கள் தெருமுனையில் நிற்கிறார்கள் என்று மகள் அறையிலிருந்து சொன்னாள். அவள் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். கணவர் கீழே ஓடினார். நான் பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு வெள்ளைக் கார் காய்கறி வண்டிக்கும் மாட்டுக்கும் நடுவில் நின்றது. கணவர் கையைக் காட்டிக் காட்டி அதைப் பின்னால் வரச் செய்தார். அது எவ்வளவு நேரம் என்று நான் கணக்கு வைக்கவில்லை.

திரும்பி வந்தபோது பாயசம் வழக்கத்தைவிட நல்ல நிறமாக இருந்தது. சந்தோஷப்பட்டேன். கரண்டியை அடிவரை விட்டு நன்றாகச் சுரண்டிக் கிளறினேன். சின்னச் சின்னப் பழுப்புத் துணுக்குகள் மேலே வந்தன. ஏலக்காய்த் தோல் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்து, ஒரு கிண்ணத்தில் எடுத்து சுவாமிக்கு முன்னால் வைத்தேன்.

கணவர் பையனையும் அவன் அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு மேலே வந்தார். ஹாலில் கால் வைத்ததும் ஒரு கணம் நின்று சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு கை கழுவப் போய்விட்டார். அதை நான் பார்த்தேன். பார்த்ததைக் குறித்துக்கொண்டேன். அர்த்தம் புரியவில்லை.

பையனின் அம்மா என்னைவிட உயரம். கருநீலப் பட்டு, கையில் ஒரு பை நிறையப் பழம். செருப்பை வாசலுக்கு வெளியே மிகவும் தள்ளி, படிக்கட்டின் ஓரத்தில் கழற்றிவிட்டு வந்தார். என்னைப் பார்த்ததும் “நல்லா இருக்கீங்களா மதினி” என்றார். அவரிடம் எனக்கு ஒரு உறவுமுறை தயாராக இருந்தது. அவரை அழைக்க என்னிடம் எதுவும் இல்லை. வாங்கோ என்று மட்டும் சொன்னேன்.

இலை போட்டதும் முதலில் வலது மூலையில் ஒரு கரண்டி பாயசம் வைப்பது எங்கள் வழக்கம். சாப்பாடு இனிப்பில் தொடங்க வேண்டும் என்பதற்காக. பையனின் அம்மா அதைச் சுட்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார். நிறுத்தினார். மறுபடி ஒருமுறை தொட்டு வைத்தார்.

“பாயசத்துல ஒரு தீஞ்ச வாசம் வருதே மதினி,” என்றார். “அதுக்கு என்ன போட்டிருக்கீங்க?”

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது: பால்கனி, நிறம், பழுப்புத் துணுக்குகள், கணவர் ஹாலில் நின்றது. அடிப்பிடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் பால் அடிப்பிடிக்காத வீடு கிடையாது. ஆனால் அடுத்த கேள்வி, உங்களுக்கு வாசனை வரவில்லையா என்பதாக இருக்கும். 

“அது எங்க வீட்டுப் பக்குவம்,” என்றேன். “பாலைக் கொஞ்சம் பிடிக்கவிட்டுச் சுரண்டிச் சேர்ப்போம். அந்த வாசனைக்காகவே பண்றது.”

குரல் ஒரு தலைப்பைப் படித்துக்காட்டுவது போல வந்தது.

அவர் இலையைப் பார்த்தார். “அப்படியா? நாங்க இதெல்லாம் அறியலையே,” என்றார். சொன்ன விதத்தில் ஒரு வெட்கம் இருந்தது, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல. பிறகு கடைசியில் ஊற்றிய பாயசத்தையும் ஒரு சொட்டு வைக்காமல் சாப்பிட்டார். சமையலறை வாசலில் நின்று உருளியைப் பார்த்து, நல்ல கனம், இப்போது இப்படி வார்ப்பதில்லை என்றார். உள்ளே வரவில்லை. வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை, தோன்றவில்லை.

அவர்கள் போன பிறகு மகள் உருளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அடி கன்னங்கரேல் என்று இருந்தது.

“எதுக்கும்மா அப்படிச் சொன்னே? பிடிச்சுடுத்துன்னு சொன்னா சிரிச்சுட்டுப் போயிருப்பாளே. உனக்கு வாசனையே வரலையா?”

ஜலதோஷம் என்றேன். அது இரண்டாவது பொய். கணவரைப் பார்த்து, உங்களுக்குத் தெரிந்ததே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் செய்தித்தாளை மடித்தார். “நீயே ஒண்ணும் சொல்லலை. வேணும்னேதான் பண்றயாக்கும்னு நினைச்சேன்,” என்றார். இத்தனை வருடத்தில் என் சமையலில் ஒரு குறை சொல்லலாம் என்ற எண்ணமே அவருக்கு வராத அளவுக்கு நான் அவரைப் பழக்கிவைத்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

கல்யாணத்துக்கு நாள் பார்க்க அவர்கள் எங்களை வீட்டுக்கு அழைத்தார்கள். உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே கிடங்கு, மேலே வீடு. படியேறும்போது கீழே ஆட்கள் பாத்திரத்துக்குள் பாத்திரத்தை அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூடத்தில் உறவினர்கள் சுவரோரமாக நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பையனின் பெரியப்பா. தும்பைப்பூ வேட்டி, பெரிய குரல். மகளைப் பார்த்து, “எங்க வீட்டுக்கு வர்ற புள்ள இப்படி ஒல்லியா இருக்கலாமா, கடையில ஒரு அண்டாவைத் தூக்க வேண்டாமா” என்று கேட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். நல்லபடியாக நடக்கும் என்று நினைத்தேன்.

நாள் முடிவானதும் பையனின் அம்மா உள்ளே போய்த் தட்டு நிறைய வெள்ளி டம்ளர்களோடு வந்தார்.

“மதினி வீட்டுப் பக்குவத்துல வச்சிருக்கேன்,” என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி.

டம்ளரில் பாயசத்தின் நிறத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அதே பழுப்பு. அதே துணுக்குகள். பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தார்.

“என்னத்தா இது? பால் தீஞ்சில்லா போயிருக்கு.”

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க அத்தான்,” என்றார் பையனின் அம்மா. “மயிலாப்பூர்ல இப்படித்தான் செய்வாங்க. தீயவும் கூடாது, தீயாமயும் இருக்கக் கூடாது. அதுக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. எனக்கு முதல்ல கைக்கு வரல, கொட்டிட்டு மறுபடியும்லா வச்சேன்.”

பெரியப்பா மறுபேச்சில்லாமல் குடித்தார். சுவரோரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் குடித்தார்கள். ஒரு பெண்மணி மூச்சைப் பிடித்துக்கொண்டு மருந்து போல ஒரே மடக்கில் விழுங்கினார். கல்யாணச் சமையல்காரரிடமும் இதையே சொல்லியிருப்பதாகப் பையனின் அம்மா சொன்னார். அவர் முடியாது, என் பேர் கெட்டுவிடும் என்றாராம். பெண் வீட்டு வழக்கம், செய்துதான் ஆக வேண்டும் என்று இவர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாராம்.

பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

“சொல்லுங்க மதினி. சரியா வந்திருக்கா? கொஞ்சம் கூடிப்போச்சோ?”

ஒரு வாய் குடித்தேன். சூடு இருந்தது. இனிப்பு இருந்தது. அரிசி பதமாக வெந்திருந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை. அது லேசாகப் பிடித்ததா, கரியா, அமிர்தமா என்று சொல்ல எனக்கு வழியில்லை. எதிரே மகள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காகப் பையனின் அம்மா கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றார். சரியாக இருக்கிறது என்று நான் சொன்னால், அந்த வீட்டில் தலைமுறைக்கும் விசேஷத்துக்கு விசேஷம் பாலைத் தீய்ப்பார்கள்.

கொஞ்சம் உள்ளே வாருங்கள் என்றேன். அவர் வீட்டுக்குள் அவரை நான் அழைத்துக்கொண்டு போனேன்.

சமையலறைத் தொட்டியில் ஒரு பாத்திரம் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அடி கருத்திருந்தது, பக்கத்தில் தேய்ந்துபோன ஒரு கம்பி நார். அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அன்றைக்குப் பால் அடிப்பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. எனக்கு வாசனை தெரிவதில்லை, காய்ச்சலுக்குப் பிறகு. அது வெளியே தெரியக் கூடாது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார்.

“அன்னைக்குக் கார்ல போகும்போதே எங்க வீட்டுக்காரங்ககிட்ட சொன்னேன், பால் பிடிச்சிருக்குன்னு. அவங்க காலங்காலமா செய்றவங்க, படிச்சவங்க, அவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்னாங்க. அவ்வளவு கனமான உருளியில பிடிக்காதேன்னும் தோணுச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “சரி, எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

என்னை மன்னிச்சுடுங்கோ என்றேன்.

“அது கிடக்கட்டும். வெளிய ஒண்ணும் சொல்லாதீங்க. அத்தானை வேற வாயை மூடுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மெதுவா நான் பாத்துக்கிடுதேன்.”

பத்திரிகையில் இருந்த காலத்தில், தவறு எந்தப் பக்கத்தில் வந்ததோ திருத்தமும் அந்தப் பக்கத்திலேயே வர வேண்டும் என்று வாதாடியவள் நான். பெரும்பாலும் தோற்பேன். திருத்தம் உள்பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் போகும். அந்தச் சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. சின்ன எழுத்தில் ஒரு திருத்தம் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்கிறேன் என்று தோன்றியது.

“என்ன, மதினி பாஸ் போட்டாங்களா?” என்று கேட்டார் பெரியப்பா.

பையனின் அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன். உள்ளே சொன்ன எல்லாவற்றையும், அதே வரிசையில், கூடத்துக்கு நடுவில் நின்று சொன்னேன். தப்பு என்னுடையது, இவர் என்னை நம்பினார் என்று முடித்தேன். தெளிவாகச் சொன்னதாக ஒரு நினைப்பு.

 பெரியப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். “நான் சொன்னேம்லா. ஏத்தா, அந்தச் சமையல்காரன்கிட்ட வேற பாலைத் தீச்சுப் போடுன்னு சண்டை போட்டியே. அவன் ஊரெல்லாம் சொல்லியிருப்பான்.” எல்லோரும் சிரித்தார்கள். மருந்து போல விழுங்கிய பெண்மணி, கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நான் வயதானவள், உடம்பு சரியில்லாதவள், சம்பந்தி. அவர்கள் சிரித்தது பையனின் அம்மாவைப் பார்த்து. அவரும் சிரிப்பது போல உதட்டை வைத்துக்கொண்டு, குனிந்து, மிச்சம் வைத்த டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தார். தட்டோடு உள்ளே போனவர் நாங்கள் கிளம்பும்போதுதான் வெளியே வந்தார். குங்குமம் கொடுத்தார். மதினி என்று சொல்லவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் மூவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். பனகல் பூங்கா தாண்டும்போது மகள் கேட்டாள்.

“வெளியில சொல்ல வேண்டாம்னு உள்ளே சொன்னாளா அவங்க?”

ஆமாம் என்றேன்.

“அப்புறம் ஏம்மா?”

“உண்மையைச் சொல்ல வேண்டாமா?”

“உன் மனசுக்கு நிம்மதியாச்சு,” என்றாள். “அவங்களுக்கு?”

அதற்குப் பிறகு, எப்போதிலிருந்து வாசனை தெரியவில்லை என்று கேட்டாள். சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. கோபத்தில் இருந்தாள், நியாயமான கோபம். என் கணவர் வெளியே பார்த்துக்கொண்டு, கேஸ் குமிழைத் தினமும் படுக்கப் போகும் முன் தான்தான் பார்த்து மூடுவதாகச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒருநாள் அது பாதி திறந்திருந்தபோது நான் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேனாம். அன்றிலிருந்து அவருக்குச் சந்தேகமாம். கேட்டால் நான் என்ன சொல்வேனோ என்று கேட்கவில்லையாம்.

அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்ச நாள் போன் வரவில்லை. பையன் வந்தான், வழக்கம் போலப் பேசினான். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டால் நன்றாக இருக்கிறார் என்றான். மகளிடம் மட்டும், அம்மா எதுவும் சொல்வதில்லை, கல்யாண வேலையெல்லாம் செய்கிறார், எதற்கெடுத்தாலும் “உங்க இஷ்டம்” என்கிறார் என்று சொல்லியிருக்கிறான். நான் போன் எடுத்து இரண்டு முறை பேசினேன். கல்யாணப் பத்திரிகையின் மாதிரி, மண்டபம், மாலை மாற்றும் நேரம் எல்லாம் பேசினோம். “நீங்க சொன்னா சரிதான்” என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. ஒரு மனிதர் தன் மூக்கை நம்பாமல் என் சொல்லை நம்பினார். அதற்குப் பதிலாக, ஊரார் அவரைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்தேன். அதற்குப் பிறகும் நான் சொன்னால் சரிதான் என்கிறார். 

மகளின் பிறந்த நட்சத்திரத்தன்று காலையில் பாயசத்துக்கு உருளியை ஏற்றியிருந்தேன். பால் கொதிக்கத் தொடங்கி, தட்டு ஆட ஆரம்பித்திருந்தது. வாசலில் மணி அடித்தது. கணவர் திறந்தார். பையனின் அம்மா. கோயிலுக்கு வந்ததாகவும், அப்படியே மருமகளைப் பார்த்து அர்ச்சனைப் பிரசாதம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகவும் சொன்னார். மகள் அலுவலகத்துக்குப் போயிருந்தாள். அவர் ஹாலில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து தட்டு கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

“என்ன சத்தம் அது?” என்றார்.

சொன்னேன். பாத்திரக் கடைக்காரரின் வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் இதைக் கேள்விப்பட்டதில்லை என்றார். எழுந்து சமையலறை வாசல் வரை வந்தார். அங்கேயே நின்றார், அன்றைக்கு நின்ற அதே இடத்தில்.

உள்ளே வாருங்கள் என்றேன்.

“வரலாமா? சாமிக்கு வைக்கீங்க போல.”

“வாங்க.”

வந்தார். அடுப்பிலிருந்து ஓரடி தள்ளி நின்றார். தட்டின் சத்தம் மந்தமாகத் தொடங்கியது. இடுக்கியால் அதை எடுத்துத் தொட்டியில் போட்டேன். சர்க்கரையைச் சேர்த்தேன். தீயைக் குறைத்தேன்.

“இதுக்கு மேல எனக்குத் தெரியாது,” என்றேன். “நீங்கதான் பார்த்துச் சொல்லணும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் உபசாரத்துக்குச் சொல்கிறேனா என்று பார்த்தார்.

“நைவேத்தியத்துக்கு முன்னால மோந்து பாக்கக் கூடாதும்பாங்களே.”

“பார்க்கலாம்.”

முந்தானையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உருளியின் மேல் குனிந்தார். நான் கிளறிக்கொண்டிருந்தேன். “எனக்குச் சரியாத்தான் தெரியுது,” என்றார். “நீங்க ஒரு தடவ…” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.   கணவர் ஹாலில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். பாலின் ஓரங்களில் ஆடை படிந்து படிந்து உள்ளே விழுந்தது. நிறம் மெதுவாக மாறிக்கொண்டிருந்தது. அது நல்ல நிறமா, மற்ற நிறமா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடியும் குனிந்தார். இந்த முறை என்னைப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. மூக்கை நன்றாக ஆவிக்குள் கொண்டுபோய் இழுத்தார். நிமிர்ந்து என் கையைக் கரண்டியோடு சேர்த்து நிறுத்தினார்.

“போதும். அணைங்க மதினி.”

அணைத்தேன்.